மூன்று பேர் என்றார் அப்பா

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் இந்த வரியோடு மூடிவிடுங்கள். ஒருவரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஷாலினி, நீயாக இருந்தால் உனக்கும்தான் சொல்கிறேன். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நாடுகளின் பெயரை எழுதப் போவதில்லை. அ. என்றால் அண்ணனைச் சிறையில் வைத்திருக்கும் நாடு. ந. என்றால் நமக்கு நட்பு நாடு.

திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. சயின்ஸ் ரெக்கார்டில் இரண்டு படம் பாக்கி.

வெள்ளிக்கிழமை மாமல்லபுரம் ரிசார்ட்டில் வெளியுறவு அமைச்சர்கள் மாநாடு. அப்பாவுக்கு வேன் டூட்டி, டெல்லி அதிகாரிகளை ஏற்றி இறக்க. எனக்கும் ஒரு வேலை. பூங்கொத்து கொடுக்கும் பெண்களில் ஒருத்தி. அதனால் இன்று போலீஸ் வீட்டுக்கு விசாரிக்க வந்தது.

அப்பா நேற்றே அண்ணன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். பிறகு வாசலில் உட்கார்ந்து, அண்ணன் பைக்கில் இருந்த 'பிரபு' ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டினார். 'பி' மட்டும் வரவே இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்.

வந்த போலீஸ்காரர் நல்லவர் மாதிரித்தான் இருந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார்.

"வூட்ல எத்தினி பேரு கீறீங்க?"

"மூணு பேரு சார். நானு, சம்சாரம், பொண்ணு."

சமையல்கட்டில் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம்.

வெளியே போனவர் பைக்கில் விரல் வைத்துப் பார்த்தார். பசை ஒட்டியது. "இன்னா பேரு இருந்துச்சு?"

"பழைய ஓனரு பேரு சார்."

அவர் போன பிறகு அம்மா கத்தவில்லை. "எம்புள்ளய பழைய ஓனர் ஆக்கிட்டல்ல," என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அப்பாவிடம் ஒரு பேச்சும் இல்லை.

செவ்வாய்

மழை விட்டிருந்தது. ரிசார்ட்டில் ரிகர்சல். பள்ளி பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல், பெரிய பெரிய பேனர்.

யாருக்கு எந்த நாட்டு அமைச்சர் என்று பி.டி. மிஸ் சீட்டுக் குலுக்கினார். எனக்கு அ. வந்தது. சீட்டை மடித்து இன்னொரு முறை பிரித்தேன். அதேதான்.

பேனரில் அந்த அமைச்சர் படத்தைப் பார்த்து, இந்த வருஷம்தான் எங்கள் கிளாஸில் சேர்ந்த ஷாலினி, "உன் ஆளு தொப்பைய பாத்தியா? பொக்கே எட்டாதுடி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மிஸ்தான் அமைச்சர். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். "திவ்யா, சிரி. ஈன்னு இளிக்காத. லைட்டா." கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார், பேர் கேட்டால் பேர் சொல்ல வேண்டும், வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அண்ணன் போனது சரக்குக் கப்பல். டெக்கில் வேலை. சித்திரையில் அ. நாட்டுக் கடற்படை பிடித்தது, திருட்டு டீசல் என்று சொல்லி. முதலாளி போனே எடுப்பதில்லை. உள்ளே நம்மவர்கள் ஆறு பேர், ந. நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். ஒரே ஒரு தடவை பேசினான். "சாப்பாடு பரவால்லமா. தண்ணிதான் உப்பு." அப்புறம் ஒன்றும் இல்லை.

செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் ஓர் அதிகாரி அம்மாவிடம் சொன்னாராம், மாநாட்டுக்கு முன்னால் நம்முடைய ஆட்களும் ந. ஆட்களும் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள், இரண்டு நாடும் சேர்ந்து கேட்டால் அ. விட்டுத்தான் ஆக வேண்டும் என்று. அந்தப் பேச்சு நாளைக்கு. அதனால்தான் அப்பா பொய் சொல்லி உள்ளே போயிருக்கிறார். "அந்த நாட்டு ஜெயில்ல புள்ள கீறான்னு தெரிஞ்சா கேட் பக்கங்கூட வுட மாட்டாங்க. உள்ள இருந்தாத்தான் சேதி தெரியும்." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மாவுக்குக் கேட்டது.

புதன்

வெயில், புழுக்கம். கணக்கு டெஸ்ட், சுமார்.

ரிகர்சலில் நிற்கும்போது அப்பா வேன் வந்தது. நம் அதிகாரிகள் இறங்கினார்கள். ந. ஆட்கள் வாசலிலேயே நின்று கை குலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள், சிரித்தார்கள். கதவு சாத்தியாயிற்று. டீ போனது. பிஸ்கட் போனது. எனக்கு அந்தக் கதவைத் தவிர எதிலும் கவனமில்லை. மிஸ்ஸிடம் திட்டு.

அப்பா இருட்டின பிறகு வந்தார். வேனை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

சாப்பிடாமல் சொன்னார். திரும்பும்போது வேனில் டெல்லி அதிகாரி ஒருவர், தமிழ்க்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது: "மாலுமிங்க விஷயம் இந்த மீட்டிங்ல வராது. ந. நாட்டுக்காரங்க அவங்க ஆளுங்க ரெண்டு பேரையும் போன வாரமே சத்தமில்லாம வெளியே எடுத்துட்டாங்க. இனிமே எதுக்கு அவங்க வாயத் திறக்கப்போறாங்க? நாம மட்டும் கேட்டா கூட்டறிக்கைல அ. கையெழுத்துப் போட மாட்டான். அப்புறம் பார்க்கலாம்."

ஆறு பேர் அப்புறம்.

அம்மா திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அப்பாவிடம் பேசினாள்.

"நீ இன்னா சொன்ன?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"டிரைவர், ஏசி கொஞ்சம் கொறைங்கன்னாரு. கொறச்சேன்."

வியாழன்

மறுபடி மழை. கடல் இரைச்சல் வீடு வரைக்கும்.

பள்ளி டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பிரபு இஸ் மை பிரதர். ஹி இஸ் இன் யுவர் ஜெயில். ப்ளீஸ் சென்ட் ஹிம் ஹோம். மூன்று வாக்கியம். பொக்கே கைமாறுகிற நேரத்துக்குள் சொல்லிவிடலாம். இரண்டாவதில் குரல் போகிறது. திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவைத் திறந்தால் ஷாலினி.

"யாருடி பிரபு? உனக்கு அண்ணன் கீறானா?"

எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் அவள் உட்காரவில்லை. இறங்கும்போது அழுதுகொண்டே வந்தாள். "மத்தியானம் சோறு குடுக்க வந்தப்ப எங்கம்மாகிட்ட வாய் தவறி வந்துட்ச்சுடி. நாளைக்கு எதுனா ஆச்சின்னா எங்களயும் சேத்து இட்டுனு போவாங்கன்னு கத்துச்சு. மிஸ்ஸுக்கு போன் பண்றேன்னு போச்சு."

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தேன். அப்பா பீரோவைத் திறந்துகொண்டிருந்தார்.

அண்ணன் போட்டோவை வெளியே எடுத்தார். சட்டையிலேயே துடைத்தார். ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஆணியில் மாட்டினார். ஆணி ஆடியது.

"கோணலா கீது," என்றாள் அம்மா. "கொஞ்சம் அந்தப் பக்கம்."

நகர்த்தினார். இன்னும் கோணல்தான். அப்பா இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சொல்லாமல் சமையல்கட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே இருந்துதான் எழுதுகிறேன். யூனிபார்ம் ஈரம். ரிப்பன் அயர்ன் பண்ண வேண்டும். நாளைக்கு என்னை அங்கே விடுவார்களோ என்னவோ.

வெளியே வண்டிச் சத்தம். ஜன்னலில் வெளிச்சம் வந்து நின்றுவிட்டது. வேன் லைட் இல்லை. வேன் உள்ளேதான் நிற்கிறது.

ஷூ சத்தம். இந்தத் தடவை கழற்றவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா சுவரைப் பார்க்கிறார். ஸ்டூல் பக்கத்திலேயே இருக்கிறது, ஏறிக் கழற்றவில்லை. மறுபடி தட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் நாலு பேர் என்றுதான்