அக்கா கைக்குத் தெரிந்த சங்குசக்கரம்

நம் முத்துப்பாண்டியின் அப்பாவுக்கு மாரித்தாய் எழுதுவது. சென்னையில் நானும் உங்கள் அக்காவும் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் அக்காவைச் சோதித்தது நம் பேத்தி இசைவாணிதான். வெள்ளைக் கோட்டில் அவளைப் பார்க்க ரெண்டு கண் போதாது! ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது என்ன ஆச்சி?" என்று கேட்டாள். சங்குசக்கரம் படத்தைப் பார்த்து அக்கா, "முறுக்கு" என்றார்கள். வாழ்நாளெல்லாம் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் சக்கரம் சுற்றியவர்கள்! எனக்கு உயிரே போய்விட்டது.

உடனே இசைவாணி வெடிமருந்தில்லாத சக்கரம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். தடவியதுமே அக்கா, "ஏட்டி, சங்குசக்கரம்லா! எவ சுத்துனா, இம்புட்டுத் தொளதொளன்னு?" என்று அதட்டினார்கள். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார்.

மறதி நோயில் பல வகையாம். அக்காவுக்கு நினைவிருக்கிறது, கண்ணால் பார்த்து அடையாளம் காணத்தான் முடியவில்லையாம். இன்னும் சோதனை உண்டு. ஆனால் பொங்கலன்று "யாருய்யா நீங்க?" என்று கேட்டார்களே, அது உங்களை மறந்து கேட்டதில்லை. நீங்கள் வாய் திறக்காமல் நின்றீர்கள், கோபித்துக்கொண்டு இன்றுவரை அவர்களிடம் பேசவுமில்லை. "அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் குரலிலேயே தெரிந்திருக்கும்.

சாத்தூர் காராச்சேவும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கிய போர்வையில் தூக்கம் வரவில்லை.

இதைப் படித்ததும் அக்காவுக்குப் போன் போடுங்கள். பேசியதும் வைத்துவிடாமல், என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

குக்கர் கூப்பிடுகிறது.
மாரித்தாய்