போர்ச்சுகீசியத்தில் போட்ட சண்டை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய், அதனால் அதைக் கேட்கவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் நின்றதா, அதை மட்டும் எழுது. நேற்று போனில் நீ திரும்பத் திரும்பக் கேட்டும் நான் பிடி கொடுக்காமல் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். தண்ணீர் ஒன்றும் வரவில்லை. போனில் சொன்னால் எனக்கு அழுகை வரும், உனக்குக் கோபம் வரும், தாளில் என்றால் இரண்டும் கொஞ்சம் மெதுவாக வரும். அதனால்தான் இவளை உட்கார வைத்திருக்கிறேன், எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். நீ கட்டிக்கொள்ள நினைக்கிற அந்தப் பெண்ணின் அப்பா எங்களோடு பேசிவிட்டு வெளியே வந்து சம்மதம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, உன் வீட்டிலிருந்து செய்தி வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்றாய். கண்ணா, காரியத்தை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படிக் கெடுத்தோம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் போனை எடுக்காமல் கடைசிவரை படி.

பெற்றவர்களோடு நானே நேரில் பேசுவேன், என் பாஷையில் பேசுவேன், பையன் அறையில் இருக்கக்கூடாது, நடுவில் ஆள் வைத்துப் பேசினால் நடுவில் நிற்கிறவன்தான் சம்பந்தி ஆவான் என்று அவர் சொன்னபோது எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. பல்செட் செய்கிற மனிதர், வாய்க்குள் பார்த்தே பழகியவர், பேசுகிறவன் வாயைப் பார்க்காமல் எப்படி நம்புவார். அப்படியானால் போர்ச்சுகீசியம் கற்றுக்கொள்வோம் என்று நான்தான் முதலில் சொன்னேன், உன் அப்பாவிடம் அல்ல, இவளிடம் சொன்னேன், இவள் போய் அப்பாவிடம் சொன்னாள், அப்பா சரி என்று இவளிடம் சொன்னார், இவள் வந்து என்னிடம் சொன்னாள். எங்கள் நிலைமை உனக்குக் கேள்விதான், கண்ணால் பார்த்ததில்லை. நீ போன பிறகு வந்த பீரோவைச் சுமந்து வந்த ஆட்கள் எங்கே வைக்க என்று கேட்டார்கள், நான் உள்ளறை என்றேன், உன் அப்பா கூடம் என்றார், அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இரண்டுக்கும் நடுவில் வாசற்படியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பீரோவும் நகரவில்லை, நாங்களும் பேசவில்லை. உள்ளே போக வேண்டுமானால் பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும். உப்பு போதவில்லை என்பதுகூட இவள் வழியாகத்தான் எனக்கு வரும். படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு இப்படித் தூது போகிறாளே என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் வெளியாள் யாரைக் கண்டாலும் வாய் பூட்டிக்கொள்கிற பெண்ணுக்கு வீட்டுக்குள்ளாவது பேச ஒரு வேலை இருந்தது.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைப் பகுதிக்குப் பின்னால் ஒரு கேன்டீன் இருக்கிறது அல்லவா, அதை நடத்துகிறவர் முன்பு கப்பலில் சமைத்தவர், கூட இருந்தவர்கள் எல்லாம் அந்தப் பாஷைக்காரர்கள். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். என் வேலை முடிகிற நேரத்துக்கு உன் அப்பா லிஃப்ட் ரிப்பேர் பையோடு வந்துவிடுவார், கழுவிய மேசையில் எதிரெதிரே உட்காருவோம், இவள் நடுவில். மாஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படிப் பேச்சு, தீயைக் குறை, வழியை விடு, இதை யார் கருக்கினது, இந்த மாதிரி. மரியாதைப் பேச்சுக்குப் பழைய கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது, வெளியூர் போகிறவர்களுக்காகப் போட்டது, முதல் பாதி முழுவதும் ஒரு ஓட்டலில் நடக்கிறது. ஒருவர் விருந்தாளி, ஒருவர் வரவேற்பு மேசை. பாடத்தை ஜோடியாகத்தான் படிக்க வேண்டும் என்றார் மாஸ்டர். நான் தூதுப்பெண்ணைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். உன் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அம்மணி, இரவு தங்க ஓர் அறை கிடைக்குமா என்று என்னைப் பார்த்து அந்தப் பாஷையில் கேட்டார். புத்தகத்தில் அப்படி மரியாதையாகத்தான் இருந்தது, சென்யோரா என்று. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை ஏய் என்பதைத் தாண்டியதில்லை. நான் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, மன்னிக்கவும், எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்றேன்.

அப்படியே பழகிவிட்டது கண்ணா. பேசுவதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டது நம் பாஷைக்குத்தானே, இது கணக்கில் வராது என்று நானும் நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். காலையில் எழுந்ததும் காலை உணவு எத்தனை மணிக்கு என்பார், பெட்டியைக் கீழே வையுங்கள் என்பேன், தட்டைக் கொண்டுவந்து வைப்பேன். ஆனால் பால்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் வழியில்லை, அதற்கு இவள்தான் பீரோ இடுக்கில் போய்வர வேண்டும். ஒப்பிக்கும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் தப்பைத் தொட்டுக் காட்டுவதும் இவள் வேலைதான்.

பாஷை லேசுப்பட்டதில்லை. நன்றி சொல்ல ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல், அவர் ஒப்ரிகாடு என்க வேண்டும், நான் ஒப்ரிகாடா என்க வேண்டும், உன் அப்பா ஒரு வாரம் என்னுடையதை எடுத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உயிரில்லாத சாமானுக்கெல்லாம் ஆண், பெண் உண்டு. பீரோ ஆணாம், கதவு பெண்ணாம், பார்த்தாயா, அங்கேயும் வழியை மறித்துக்கொண்டு நிற்பது யார் என்று நான் இவளிடம் சொல்லி அனுப்பினேன். இருக்கிறார் என்பதற்கு இரண்டு சொல், என்றைக்கும் அப்படியே இருப்பதற்கு ஒன்று, இப்போதைக்கு அப்படி இருப்பதற்கு ஒன்று. அவர் பிடிவாதமாக இருக்கிறார் என்று எழுதச் சொன்னபோது நான் என்றைக்கும் உள்ளதைப் போட்டேன். மாஸ்டர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, இது குடும்ப விஷயம், இதில் நான் சிவப்பு மை வைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூக்கால் சொல்ல வேண்டிய சத்தம்தான் எங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. ரொட்டிக்கும் வேண்டும், இல்லை என்பதற்கும் வேண்டும். சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்றார் மாஸ்டர், உன் அப்பா உடனே அதற்கு வேலை பார்க்க ஆரம்பித்தார், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டோடு பேசப்போகிற நாளுக்குச் சரியாக ஜலதோஷம் வரவழைத்துக்கொண்டார். ஒன்று சொல்ல வேண்டும், உச்சரிப்பு அன்றைக்கு அருமையாக இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். போனை எதில் சாய்த்து வைத்தாலும் சரிந்தது, அதனால் இவளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம், முகம் தெரியக்கூடாது என்று கெஞ்சினாள், கை மட்டும் போதும் என்றோம். பெண்ணின் அப்பாவும் அவர் வீட்டம்மாவும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். வணக்கம் ஆயிற்று, பெயர் ஆயிற்று, எங்கள் நகரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று உன் அப்பா கேட்டார், நீங்கள் இங்கே வந்ததே இல்லையே என்று அந்தம்மா சொன்ன மாதிரி இருந்தது. பிறகு பெண்ணின் அப்பா முன்னால் சாய்ந்து நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. ஓட்டலில் அப்படிக் கேள்வியே கிடையாது. உன் அப்பா என் பக்கம் திரும்பிப் புரிந்ததா என்று கேட்டார். போர்ச்சுகீசியத்தில்தான் கேட்டார், எங்களுக்குள் வேறு பாஷை ஏது. இல்லை, உங்களுக்கு என்றேன். எனக்கும் இல்லை, ஆனால் நீங்கள் வகுப்பில் மாஸ்டரோடு சிரிக்கிறீர்கள் என்றார். நீங்கள் வகுப்பில் தூங்குகிறீர்கள் என்றேன். நடந்து முடிந்ததைச் சொல்கிற பாடம் புத்தகத்தின் பின்பாதியில் இருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் இப்போது நடக்கிற மாதிரியே சொல்லிக்கொண்டோம். சம்பந்தி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே மறந்துவிட்டது. பீரோ பேச்சு எப்படி வந்தது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை, வந்துவிட்டது. கோபம் ஏற ஏறப் புத்தகம் போய் மாஸ்டர் வந்துவிட்டார். தீயைக் குறை என்றேன் நான். வழியை விடு என்றார் அவர். கடைசியில் உன் அப்பா எழுந்து நின்று, எனக்கு இந்த அறை பிடிக்கவில்லை, மேலாளரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். வேறு அறை இல்லை, காலை உணவும் கிடையாது என்று நானும் கத்தினேன். அந்தம்மா போனுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் போட்டார்கள், என் பக்கம்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன். உன் அப்பா பீரோவைக் காட்டுகிறேன் பார் என்று அந்தப் பக்கம் போனார், நான் விடுவேனா, பின்னாலேயே போனேன், அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தொண்டை வற்றித் திரும்பி வந்து பார்த்தால் போன் அணைந்து கிடக்கிறது, உன் தங்கை சுவர் ஓரமாக நிற்கிறாள். வைத்துவிட்டார்களா என்றேன், ஆமாம் என்று தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டுப் போனவர் எப்படிப் பெண் கொடுப்பார் என்கிறேன் நான். அப்படியென்றால் உன்னிடமே நேராகச் சொல்லியிருப்பாரே, வீட்டிலிருந்து செய்தி வரும் என்று ஏன் சொல்ல வேண்டும் என்கிறார் அப்பா. கெட்ட செய்தியை நம் வாயாலேயே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார் என்கிறேன். மறுபடி ஒரு தடவை பேசி மன்னிப்புக் கேட்கலாம் என்கிறார், மன்னிப்புப் பாடத்தில் சாவி தொலைத்ததற்குத்தானே மன்னிப்பு இருக்கிறது என்கிறேன். நேற்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து இதையேதான் இரண்டு பேரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம், ஒரு வழியும் தெரியவில்லை. நீதான் பார்த்து, அந்தப் பெண் மூலமாக மெதுவாகக் கேட்டு, எங்கள் தப்புக்கு உன்னை ஒதுக்க வேண்டாம் என்று சொல். அப்பா இங்கிருந்து சொல்கிறார், சண்டையை ஆரம்பித்தது யார் என்பதை எழுதாதே என்று. அதையும் எழுதச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் முகத்தைக் காட்டாதே, அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. எது நடந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் சம்பாதித்தது உனக்கு ஒட்ட வேண்டும், வீடு நிறைய மனிதர்களோடு நீ வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். இருமலுக்கு வெந்நீர் குடி, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

அண்ணா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறார். இனிமேல் இருப்பது நான் எழுதுவது. அவர்கள் பீரோவுக்குப் பின்னால் போன பிறகு போன் என் கையில்தான் இருந்தது. பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இந்தக் கை யாருடையது என்று கேட்டார். நான் போனைத் திருப்பி முகத்தைக் காட்டினேன். எப்படிக் காட்டினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. புத்தகத்தின் பின்பாதியையும் நான் படித்திருந்ததால் அவர் முன்பு கேட்ட கேள்வி எனக்குப் புரிந்திருந்தது. உங்களுக்குள் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அதை எங்களிடம் மறைப்பீர்களா என்றுதான் கேட்டார். இது தினமும் உண்டா என்று என்னிடம் கேட்டார். "தினமும். ஆனால் சமைத்தது இரண்டு பேருக்கும்தான்" என்றேன். அவர் தன் வீட்டம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார், எனக்கு எதிரே சிரித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பித் தங்கள் பாஷையில் என்ன சொல்லிக்கொள்வார்களோ என்றுதான் பயந்தேன், இவர்கள் பக்கத்தில் திரும்பி என் பாஷையிலேயே சொல்லிக்கொள்கிறார்கள் என்று. "பெண்ணைத் தருகிறோம். வந்தால் அந்த ஓட்டலில் மட்டும் தங்க மாட்டோம்" என்றார். அண்ணனிடம் நானே சொல்கிறேன், நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டேன். சரி என்று வாயைப் பூட்டுகிற மாதிரி காட்டினார்.

அன்று ராத்திரியே இவர்களிடம் சொல்லத்தான் அடுப்படிக்குப் போனேன். கல்யாணம் நின்றுவிட்டால் பிள்ளை என்ன செய்வான் என்று அப்பா அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில். என்னிடம் சொல்லி அனுப்பாமல், நேராக. அம்மாவும் நேராகப் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. நான் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். இன்று காலையிலும் பால் பணத்தைப் பற்றிப் பேசினார்கள், அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டே கஷாயம் கேட்டார், அம்மா கொடுத்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. அம்மா அழுதால் அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன், அதுவரை இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகட்டும். அண்ணிக்கு என் அன்பைச் சொல். இவர்கள் போன் செய்தால் கொஞ்சம் சோகமாகவே பேசு.