வெள்ளிக்கிழமைப் பரங்கிக்காய்ச் சூப்

ஆம்பூர்,
டிசம்பர் 13, சனிக்கிழமை.

அன்புள்ள பாஷா அண்ணனுக்கு,

பிரிஸ்கில்லா எழுதுகிறேன். உங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும். உங்கள் சலாமும் எங்கள் சமாதானமும் ஒரே சரக்கு, பெட்டிதான் வேறு என்று உங்கள் தோஸ்த், என் வீட்டுக்காரர் ஜெர்சன் சொல்வாரே, அந்தச் சமாதானம்.

போனை எடுக்காத மனிதருக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. பத்து மாதமாக என் நம்பரைப் பார்த்தாலே கட் செய்துவிடுகிறீர்கள். ஹலீமாவோடு பேசும்போது பின்னால் என் குரல் கேட்டால் சிக்னல் போய்விட்டது என்கிறீர்களாம். அடிஸ் அபாபாவில் என் குரலுக்கு மட்டும் சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது. அதனால்தான், லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிற அப்துல் சமத் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். சமத் பாயைப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் ஆனாலும் நீங்களே படியுங்கள். பாதியில் மடித்து வைக்காமல் படியுங்கள்.

உங்கள் மகள் வஜீதாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. கோபம் வந்தால் உங்களைப் போலவே கீழ் உதட்டை மடித்துக் கடிக்கிறாள். ஹலீமா இளைத்துப்போயிருக்கிறாள், ஆனால் நோய் ஒன்றும் இல்லை. இந்த வருஷம் பனி ஜாஸ்தி. காலையில் எட்டு மணி வரைக்கும் தெருமுனை தெரிவதில்லை. குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

நீங்கள் அந்தக் கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்று சமத் பாய் சொன்னார். ஜனவரி முதல் வாரமாம். ஊருக்கே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்களா? ஹலீமா கேட்டதற்கு, அங்கே வேலை நல்லபடியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னீர்களாம். அவளுக்குக் காரணம் தெரியும், எனக்கும் தெரியும். போன பிப்ரவரியில் கிளம்புகிற அன்று என் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "நான் போயிருக்கணும் தங்கச்சி" என்று சொன்னீர்கள். அப்படிச் சொல்லாதீங்கண்ணா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கு ஏன் எனக்கு வாய் வரவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கொடியைப் பற்றிச் சொல்கிறேன். போன டிசம்பரில் ஜெர்சன் இறந்த அன்றைக்குச் சீவிய பரங்கிக்காயின் தோலையும் விதையையும் பின்பக்கம் துவைக்கிற கல் ஓரமாகக் கொட்டியிருந்தேன். பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ஆடி மாதத்தில் ஹலீமா கூப்பிட்டுக் காட்டினாள். கொடி சுவரேறி நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சிமெண்ட் ஷீட் முழுக்கப் படர்ந்திருந்தது. ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை, ஒருவரும் கம்பு நட்டுக் கொடுக்கவில்லை. பூத்ததெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரே ஒரு காய் நின்றது, அதுவும் உங்கள் வீட்டுச் சமையலறைக்கு நேர் மேலே. வெயில் ஏறி ஷீட் சூடாகும்போது மேலே ஒரு சத்தம் கேட்கும். யாரோ கூரையில் உட்கார்ந்து இடம் மாற்றி உட்காருகிற மாதிரி இருக்கும். வெட்டிப் போட ஆள் கூப்பிடலாம் என்று நான்கு முறை நினைத்தேன். பயமாக இருந்தது அண்ணா, அதனால் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகள்தான் மோசம். பாங்கு சொல்லி முடிந்து சிறிது நேரத்தில் வாசலில் அவருடைய டி.வி.எஸ். வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும். அந்த வண்டியை மார்ச் மாதமே விற்றாயிற்று. பின்னாலேயே சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த டேனரி வாடை உள்ளே வரும். ஊரே அந்த வாடைதான், அதில் என்ன என்பீர்கள். சட்டையோடு வருகிற வாடை வேறு, காற்றோடு வருகிற வாடை வேறு. கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினவளுக்கு அது தெரியாதா? போதகர் ஐசக் வந்து வீடு முழுக்க நடந்து ஜெபம் செய்தார். மனதில் பாரம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று ஒரு போதகரிடமே பொய் சொன்னேன்.

சூப் வைப்பதையும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி டயட் கிச்சனில் பதினோரு வருஷமாக நோயாளிகளுக்குப் பரங்கிக்காய்ச் சூப் வைத்தவள் நான். கிச்சன் பொறுப்பாளர் ஆரோக்கியமேரி அக்காவிடம் சொல்லி, சப்பாத்தி போடுகிற பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். கண்ணுக்கு ஆவி ஆகவில்லை என்று ஒரு சாக்கு.

இந்தப் புதன்கிழமை ஹலீமா ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் காயை அறுத்துவிட்டாள். ஒரு இடுப்பில் வஜீதா, ஒரு இடுப்பில் பரங்கிக்காய், அப்படியே என் வீட்டுக்குள் வந்தாள். "பாப்பாவுக்கு மொதல்ல இத்தத்தான் ஊட்டப் போறேன்க்கா. நீங்கதான் வெச்சுக் குடுக்கணும்" என்றாள். பக்குவத்தை எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினதை வைத்துக்கொண்டு நான் இன்னா பண்றது என்று சொல்லிவிட்டு, காயை என் மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. அதைப் பார்க்காமல் சமைத்தேன், அதைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. லீவு போட்டேன். காயைக் கீற்றுப் போட்டுத் தோல் சீவினேன். நல்ல சிவப்பு. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, இஞ்சி, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை போட்டு, பரங்கித் துண்டுகளைச் சேர்த்துக் குக்கரில் இரண்டு விசில் விட்டேன். ஆறியதும் பட்டையையும் கிராம்பையும் பொறுக்கி எடுத்துவிட்டு மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, கட்டித் தேங்காய்ப்பால் விட்டேன். குழந்தைக்கு உப்பில்லாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்தேன். பெரியவர்களுக்கு வறுத்த சீரகமும் மிளகும் பொடித்துப் போட்டு, ஜாதிக்காயை இரண்டு தேய் தேய்த்தேன். "இன்னா தங்கச்சி, கத்துவைப் பாயசமாக்கிட்டு மிளகு போட்டிருக்க" என்று, பரங்கிக்காயை உங்கள் உருதுவில் கத்து என்று சொல்லிக் கிண்டல் செய்துகொண்டே மூன்றாவது கிண்ணம் நீட்டுவீர்களே, அதே சூப்தான். மிளகு எடுக்க டப்பாவில் கைவிட்டபோது டேனரியில் உங்கள் பேருக்குக் கொடுத்த பித்தளை டோக்கன் விரலில் பட்டது. 214. ஆஸ்பத்திரியில் அவருடைய வாட்சையும் பெல்ட்டையும் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷமாக அதை மிளகுக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறேன். உங்களிடம் கொடுக்கவும் இல்லை, டேனரியில் ஒப்படைக்கவும் இல்லை.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் வாயால் வரிசையாக வர வேண்டும். டேனரியில் வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் உங்கள் வேலையான கழிவுத்தொட்டி பம்பை அவர் பார்த்துக்கொள்வார். ஞாயிறு ஆராதனை நேரத்தில் அவர் வேலையை நீங்கள் பார்ப்பீர்கள். யார் பேருக்கு வேலையோ அவர் டோக்கன் வேலை செய்கிறவர் சட்டைப்பையில் இருக்கும். மேஸ்திரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும், ஆறு வருஷமாக நடந்ததுதான். அன்றைக்குப் பம்பு அடைத்துக்கொண்டது. அவர் உள்ளே இறங்கினார். விஷவாயு. தூக்கி வெளியே போட்ட வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சேறு அப்பின முகத்தைப் பார்த்து அவனுக்கு என்ன தெரியும்? டோக்கனைப் பார்த்து, மஹபூப் பாஷா செத்துப்போய்ட்டார் என்று சொல்லி அனுப்பினான்.

தெருவில் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். நான் அப்போதுதான் ஹலீமாவுக்குச் சூப் இறக்கி வைத்திருந்தேன். நான்கு மாதக் கர்ப்பத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. சத்தம் கேட்டுப் பாத்திரத்தோடு ஓடினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு விழுந்து கிடந்தாள். மடியில் போட்டுக்கொண்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, ஒரு வாய் குடி என்று ஸ்பூனால் ஊட்டினேன். அப்போது என் மனதில் என்ன இருந்தது தெரியுமா? நல்லவேளை, என் ஆள் இல்லை. அதுதான் இருந்தது.

அதோடு போயிருந்தால்கூட மன்னித்துக்கொள்வேன். திடீரென்று அவள் அழுகையை நிறுத்தி, "இது தொழுக நேரமாச்சேக்கா. அவரு மசூதிலதான இருப்பாரு. அப்ப டோக்கனு யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணா. யாரிடம் இருந்தது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? இன்று அவர் தொழுகைக்குப் போகாமல் இருந்திருப்பார், நீ குடி என்று சொல்லி, அடுத்த ஸ்பூனை அவள் வாயில் வைத்தேன். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஊட்டினேன். பாத்திரம் காலியாகும் வரை ஊட்டினேன். அந்த நாற்பது நிமிடமும் செத்தது நீங்களாகவே இருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் நீங்கள் தொப்பியோடு ஓடி வந்து வாசலில் நின்றீர்கள். ஹலீமா உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அந்தப் பார்வையில் இருந்ததை நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். நீ ஏன் வந்தாய் என்றுதான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் குற்றத்தைப் பார்த்த பார்வை என்று நினைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் உங்களுக்காகப் போனார், நீங்கள் அவருக்காக எத்தனை ஞாயிறு போயிருக்கிறீர்கள்! அந்தப் பம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடைத்திருந்தால், ஹலீமா என் இடத்தில் நின்றிருப்பாள்.

நேற்று வஜீதாவை மடியில் வைத்து முதல் ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோனேன். ஊட்ட முடியவில்லை. ஹலீமாவிடம் எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டேன். எழுந்து போய்விடுவாள், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, "அவரு உள்ள வந்ததும் நான் சிரிச்சேன்க்கா. அவரு வந்தா நீங்க இன்னா ஆவீங்கன்னு தெரிஞ்சும், உங்க முன்னாடியே சிரிச்சேன். அத்த நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதோம். நடுவில் உங்கள் மகள் பசி தாங்காமல் ஸ்பூனைத் தானே இழுத்துக் கடித்தாள். முகமெல்லாம் மஞ்சளாக அப்பிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஒரு கிண்ணம் முழுக்கத் தின்றாள்.

அப்போதும் வாசலில் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், கேட்டது. ஆனால் நேற்று முதல் தடவையாக, உள்ளே வாங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். ஹலீமா திரும்பிப் பார்த்தாளே தவிர, யாரை என்று கேட்கவில்லை.

டோக்கனை இதோடு வைத்து அனுப்பவில்லை. அது உங்களுடையது, என் கையால் உங்கள் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள் அண்ணா. ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து வாருங்கள். தொழுகையை முடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றாமல், அதே வாசல் வழியாக உள்ளே வாருங்கள். சூப் வைத்துவிட்டு ஹலீமா பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நீங்கள் உயிரோடு வந்து நின்றபோது அந்த வீட்டில் சந்தோஷப்படாத ஒரே ஆள் நான். எனக்கு இன்னொரு தடவை நீங்கள் வந்து நிற்க வேண்டும்.

உங்கள் ஆயுசு நீளட்டும் என்று, இந்தத் தடவை முழு மனதோடு கேட்கும்

தங்கச்சி
பிரிஸ்கில்லா