நடுக்கடலில் முப்பத்தோராம் நாள்

மோர்னிங்சைட், ஸ்காபரோ, கனடா
9 பெப்ரவரி 2025

கடலில் சொகுசாகத் திரியும் நாயகி அம்மையாருக்கு,

வீட்டுக்குக் காவல் நிற்கும் றெமிஜியஸ் எழுதுவது. நான் சுகம். இடியப்பத் தட்டுகளும் சுகம். நீர் போனபிறகு பிரிஜ் கூடச் சத்தம் குறைத்திருக்கிறது. பயம் விட்டுப்போச்சாக்கும்.

கடலுக்குள் போன் எடுத்துக் கதைக்க முடியாது, கடிதமாக எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் விடுங்கோ, அம்மா கரைப்பக்கம் வரும்போது போய்ச் சேரும் என்று மகள் ஏஞ்சலா அஜக்ஸிலிருந்து சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு வைத்த பேனையை இன்றைக்குத்தான் திரும்ப எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் நீரே திருத்தி வாசியும்.

வெயார்ஹவுசில் கூட வேலை செய்கிற எல்லாரும் விசாரிக்கிறார்கள். "என்ன அண்ணை, அக்கா ஆபிரிக்காத் தீவில, நீங்கள் ஸ்னோவுக்குள்ள. டிவோர்சோ?" என்று ஒருத்தன் கேட்டான். "இல்லையடா, அவ ஆமை பாக்கப் போட்டா. வீட்டில முப்பது வருசமாப் பாத்த ஆமை காணாதாம்" என்றேன். அவன் தேத்தண்ணீரைத் துப்பிவிட்டான்.

உமது பிறந்தநாளுக்கு ஹோலில் சனம் சிரித்த சிரிப்பு மாதிரி. அந்த வீடியோவை இன்னும் ஆட்கள் எனக்கே அனுப்புகிறார்கள். நான் மைக்கைப் பிடித்து, "இந்த மனிசி ஒவ்வொரு பின்னேரமும் ரீவீயில தீவு, ஆமை, குருவி எண்டு வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறா. அதுதான் சீசெல்ஸ் தீவெல்லாம் யொட்டில சுத்தப் புக் பண்ணியிருக்கிறன். ஒரு ரிக்கற்தான்! என்னட்டையிருந்தும் அவவுக்கு விடுதலை!" என்று சொல்ல, மேசை மேசையாகக் கைதட்டினார்கள். இப்படி ஒரு பரிசு ஸ்காபரோவில் எவன் மனிசிக்குக் கொடுத்திருக்கிறான்?

கறித்தூள் போத்தலை எங்கே ஒளித்தீர்?

உமது வீட்டு ஆமை,
றெமிஜியஸ்


பிரலின் தீவு, சீசெல்ஸ்
11 பெப்ரவரி

அன்புள்ள ஏஞ்சலாவின் அப்பாவுக்கு,

கறித்தூள் எப்போதும் இருக்கும் அலமாரித் தட்டில்தான் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு நேரே.

இது வெள்ளைப் பாய்க்கப்பல். காற்றுப் பிடித்தால் எஞ்சினை நிறுத்திவிடுகிறார்கள், தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது. நேற்று ஒரு தீவில் ஆமைகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் சாப்பாட்டு மேசை அளவு. கழுத்தடியில் சொறிந்துவிட்டால் நாலு காலையும் ஊன்றி எழும்பி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. கூட்டிப்போனவர் வந்து கூப்பிடும்வரை சொறிந்துகொண்டிருந்தேன்.

என் அறை இரண்டு பேருக்கானது. ஒவ்வொரு நாளும் இரண்டு துவாய், இரண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் போகிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் சோடி. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே மட்டும் ஒரு வெறும் கதிரை. முதல் நாளே வயதான பெல்ஜியம் அம்மா ஒருவர், உன் கணவர் எங்கே என்று கேட்டார். ஒரு ரிக்கற் கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எப்படிச் சொல்வது? சொன்னால் இவர்களும் சிரிப்பார்களா? செத்துப்போனார் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சின்ன வசனமாக இருந்தது. எயார்ப்போட்டில் களவு போகும் என்று தாலிக்கொடியை நீங்கள் கழற்றி வைப்பித்தீர்கள் அல்லவா, வெறும் கழுத்தைப் பார்த்து நம்பிவிட்டார்கள்.

கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் எழுதுங்கள்.

அருள்நாயகி


12 பெப்ரவரி

என் அன்பு விதவைக்கு,

மறு உலகத்திலிருந்து எழுதுகிறேன். நரகம் சரியான சூடு என்று ஃபாதர் சொன்னது பச்சைப் பொய். இங்கே மைனஸ் பன்னிரண்டு. செத்த பிறகும் வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது, யூனியனில் கேட்டுப் பார்க்கவேண்டும்.

எதனால் செத்தேன் என்று சொன்னீர்? ஹார்ட் அட்டாக் என்று சொல்லும், ஒரு கௌரவமாக இருக்கும். குறட்டை விட்டுச் செத்தார் என்று மட்டும் சொல்லிப்போடாதேயும்.

இரவு ரீவீயில் உமது மிருகங்களின் நிகழ்ச்சி போனது. சும்மா ஓடட்டும் என்று போட்டேன், கடைசியில் முழுவதும் பார்த்தேன். நீர் பக்கத்தில் இருந்தால் நான் குறுக்கே கதைத்துக் குழப்பியிருப்பேன். சத்தம் இல்லாமல் பார்த்தால் அந்தச் சீவன்கள் வேறு மாதிரித்தான் இருக்கின்றன. பார்த்து முடிந்தபிறகு சொல்ல ஆள் இல்லை.

உமது காலஞ்சென்ற கணவர்


15 பெப்ரவரி

அன்புள்ள ஏஞ்சலாவின் அப்பாவுக்கு,

பெரிய சிக்கலாகிவிட்டது. கப்பலின் சமையல்காரர் யூட்சன், மன்னார் ஆள், நம்மைப்போல வேதக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து எனக்கென்று தனியாகச் சம்பல் இடித்துத் தருகிறார். இன்று காலை, "அக்கா, அண்ணை எண்டைக்குத் தவறினவர்?" என்று கேட்டார். என் வாயில் வந்தது ஜனவரி பதினெட்டு. என் பிறந்தநாள் விழா நடந்த நாள். ஏன் அந்த நாள் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?

அவர் விரல் மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப திங்கட்கிழமை முப்பத்தொண்டாம் நாளெல்லே! ஏன் அக்கா சொல்லாமல் இருந்தனீங்கள்? வீட்டில எண்டால் பூசை குடுத்துச் சனத்துக்குச் சாப்பாடு போடமாட்டமே? அதை நான் பாக்கிறன்" என்று எழும்பிவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லமுதல் கப்டனிடமும் சொல்லிவிட்டார். இப்போது எல்லாரும் என்னை இரக்கமாகப் பார்க்கிறார்கள். இனி உண்மையைச் சொல்லவும் வழியில்லை.

இன்று போன தீவில் வெள்ளை ஆலா பார்த்தோம். கூடு கட்டாத பறவை. வெறும் கொப்பில் முட்டையை வைத்துவிட்டு, காற்றில் ஆடிக்கொண்டு அதன்மேல் இருக்கிறது.

அருள்நாயகி


16 பெப்ரவரி

என் முப்பத்தொன்றை நடத்தி வைக்கும் நாயகிக்கு,

யூட்சனிடம் சொல்லும், அண்ணைக்குக் கணவாய்க் கறி இல்லாவிட்டால் ஆவி கப்பலைச் சுற்றும் என்று. பாயாசத்துக்கு முந்திரிகை கூடப் போடச் சொல்லும். உயிரோடு இருக்கும்போது சுகர் என்று தடுத்தீர், இனி என்ன தடை?

இங்கே திங்கட்கிழமை அரச லீவு, குடும்ப நாள். ஏஞ்சலா பிள்ளைகளோடு வருவதாக இருந்தாள். ஸ்னோ கொட்டித் தள்ளுகிறது, வரமாட்டார்களாம். ஆகவே என் முப்பத்தொன்றுக்கு இங்கே நான் ஒருத்தன்தான். முட்டை பொரித்துப் பாண் சாப்பிடுவேன்.

பதினெட்டாம் திகதி ஏன் வாயில் வந்தது என்று கேட்டிருந்தீர். கேக் வெட்டிய நாள், அது ஞாபகத்தில் நிற்கும்தானே.

உமது ஆவி


18 பெப்ரவரி

அன்புள்ள ஏஞ்சலாவின் அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தொன்று நடந்து முடிந்தது. கணவாயும் இருந்தது. கப்பல் பாயைச் சுருட்டி, மேசைகளைச் சேர்த்துப் போட்டு, உங்கள் பெயரைச் சொல்லிச் செபித்தார்கள். கப்டன் தொப்பியைக் கழற்றினார். எனக்கு எதிரே இருந்த கதிரைக்கும் யூட்சன் ஒரு கோப்பையில் சாப்பாடு வைத்தார்.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். நான் உங்கள் பகிடிகளைச் சொன்னேன். யூட்சன் இங்கிலீசில் திருப்பிச் சொன்னார். நான் கனடா வந்த முதல் ஸ்னோ அன்று, மேல்வீட்டார் அரிசிமா கொட்டுகிறார்கள் என்று என்னைச் சட்டியோடு பல்கனிக்கு அனுப்பியதைச் சொன்னேன். எல்லாரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அந்தப் பெல்ஜியம் அம்மா, "உன்னைப் பற்றி அவர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டார்.

யூட்சன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், திருப்பிச் சொல்ல. எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். பகிடியாகச் சொன்னதைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போதுதான் அழுதேன். புருசனுக்காக அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

உங்களைப் பற்றி ஒரு கப்பல் சனத்துக்குச் சொன்னேன். நான் செத்து முப்பத்தோராம் நாள் என்றால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? அதை எழுதுங்கள். ஒரு பகிடியும் வேண்டாம்.

நாளை பின்னேரம் துறைமுகத்தில் இறங்குகிறோம். அங்கேயிருந்து பாரிஸுக்குப் பிளேன். "வாங்கோ அக்கா, விரும்பினமட்டும் எங்களோட நில்லுங்கோ" என்று பாரிஸில் இருக்கும் என் தங்கச்சி சொல்கிறாள். பாரிஸில் ரொறன்ரோப் பிளேனுக்கு மாறி ஏறுவதா, அங்கேயே நிற்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான்.

அருள்நாயகி


18 பெப்ரவரி, பின்னேரம்

நாயகி,

தாள் தாளாகக் கிழித்தேன். எல்லாவற்றிலும் எங்கேயோ ஒரு பகிடி வந்து குந்திவிட்டது. இதில் வராமல் பார்க்கிறேன்.

நீர் கேட்டபடி, சனத்துக்கு முன்னால் நின்று சொல்வதாக நினைத்து எழுதுகிறேன்.

என் மனிசி அருள்நாயகி. சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றுகிற வேலை. பின்னேரம் எங்கள் கட்டிடத்துக்கு முன்னால்தான் பஸ் இறக்கிவிடும். ஆனால் உடனே மேலே வரமாட்டாள். பஸ் நிற்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பாள். அடுத்த பஸ் வரும், கதவு திறக்கும், மூடும், போகும். பிறகுதான் எழும்புவாள். ஸ்னோவிலும் அப்படித்தான். ஏஞ்சலா கலியாணம் கட்டிப் போனதிலிருந்து அப்படி.

அவளுக்கு முதல் நான் வேலையால் வந்துவிடுவேன். ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒருநாள் அந்த அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள் என்று பயம். எழும்பி வருகிறாள் என்று கண்டதும் ஓடிப்போய்க் கதவடியில் நிற்பேன், ஏதாவது பகிடி தேடிக்கொண்டு. உள்ளே வந்து அவள் சிரித்தால், இன்றைக்குத் தப்பினேன் என்று இருக்கும்.

ஏன் அங்கே இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று கேட்கவில்லை.

அந்தக் கூண்டுக்குள் அவளுக்குக் கிடைக்கிற நேரத்தைக் கொஞ்சம் பெரிதாக வாங்கிக் கொடுக்க நினைத்தேன். நானும் கூட வந்தால் அது அந்த நேரமாக இருக்காது. அதனால்தான் ஒரு ரிக்கற். இதை ஹோலில் மைக் பிடித்துச் சொல்ல எனக்கு வேறு பாஷை தெரியாது.

அவ்வளவுதான். இனி உமக்குச் சொல்கிறேன்.

பாரிஸில் நிற்பதென்றால் நில்லும். மகளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். வருவதென்றால், கீழே கூண்டுக்குள் விரும்பினமட்டும் இரும். நான் கதவடியில் நிற்கமாட்டேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி வருவேன். கைப்பையை மடியில் எடுத்து இடம் விட்டால், பக்கத்தில் இருப்பேன்.

கதைக்கமாட்டேன்.

றெமிஜியஸ்