நிறைகுடமா ரொப்புன பாட்டில்

செப்டம்பர் 25, 2025

அம்மாவோட சுகர் மாத்திரை அட்டை இன்னிக்கும் பிரிக்காம கெடக்கு. கேட்டா, "அதான் சக்கரவர்த்தி அண்ணன் தண்ணி குடிக்கிறேனே"ன்றா.

அந்தாளு செங்கம் ரோட்டுல ஹால் புடிச்சி 'அறுகோணத் தண்ணி' விக்கிறான். மெஷின்ல விட்டு எடுத்தா தண்ணி ஆறு மூலையா அடுக்கிக்குமாம், மூணு மாசம் கலையாதாம், சுகர் எறங்கிடுமாம்.

அவன் லைவ்ல கமெண்ட் போட்டேன். தண்ணி மூலக்கூறு பக்கத்து மூலக்கூறோட கைகோக்கும், விடும், வேற ஒண்ண புடிக்கும். ஒரு செகண்ட கோடி துண்டா வெட்டி, அதுல ஒரு துண்ட லட்சமா வெட்டு. ஒரு பிடி அவ்ளோ நேரந்தான். உங்க பாட்டில்ல மட்டும் எப்படிண்ணா மூணு மாசம் நிக்கும்?

படிச்சிட்டு சிரிக்கிறான். "அடி அண்ணாமலை ஊர்ல ஜூஸ் கடை வச்சிருக்கற ஓவியாவா? மொதல்ல பன்னெண்டாவது பாஸ் பண்ணு பாப்பா, அப்பறம் தண்ணிக்குப் பாடம் எடுக்கலாம்!" ஸ்க்ரீன் பூரா ஹார்ட் பறக்குது. அம்மாவும் பாத்துனு இருந்திருக்கா. அடுப்படியிலேருந்தே, "பெரியவங்ககிட்ட எதுக்குடி வம்பு?"

விடமாட்டேன்.

அக்டோபர் 2

வந்துடுச்சி வந்துடுச்சி வந்துடுச்சி!!!

நம்ம கடை ஃப்ரீசர்ல, பெட்டிக்கடையில வாங்குன சீல் ஒடைக்காத பிளாஸ்டிக் தண்ணி பாட்டில ஆடாம அசையாம வச்சேன். மைனஸ்ல போயும் தண்ணியாவே நிக்குது! உறையறதுக்கு எங்கியாச்சும் ஒரு எடத்துல ஆரம்பம் வேணும். அது கெடைக்காம முழிக்குது. மெதுவா எடுத்து மேசையில ஒரு தட்டு — மேலேருந்து அடி வரைக்கும் வெள்ளையா கட்டிக்குது. நாலு பாட்டில் சொதப்பி அஞ்சாவதுல வந்துச்சி. கத்துன கத்துல நாய் ஓடிடுச்சி.

பௌர்ணமிக்கு அவன் ஹால்ல, அவன் மூஞ்சிக்கு நேரா செய்யப்போறேன். மெஷினும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, பெட்டிக்கடைத் தண்ணிடா இதுன்னு.

அக்டோபர் 6, பௌர்ணமி

உப்பு போட்ட ஐஸ் பெட்டியில ஆடாம எடுத்துனு போயி, அவன் ஹால் மேசையில தட்டுனேன். உறைஞ்சிச்சி. கிரிவலம் வந்த கூட்டம் பூரா உள்ள.

ஒடனே ஒருத்தர், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" மொத்த ஹாலும் அரோகரா. "இது சாதா தண்ணிங்க"ன்னு கத்துறேன், யார் காதுலயும் விழல. சக்கரவர்த்தி என் கைய புடிச்சி மேல தூக்குறான். "பாத்தீங்களா? நம்ம எடத்துக்கு வந்தா கடைத்தண்ணிகூட அடுக்கிக்குது!"

முன் வரிசையில அம்மா. கும்பிட்டுனு, அழுதுனு.

நானே அவனுக்கு ஏஜென்ட் ஆயிட்டேன்.

அக்டோபர் 7

சாவட்டும். இல்ல, சாவ வேணாம். அசிங்கப்படணும்.

அக்டோபர் 24

அம்மாவுக்குக் கால் எரியுதாம். "உள்ள இருக்கற கெட்டது வெளிய போவுதாம், அண்ணன் சொன்னாரு"ன்றா. சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கு.

நவம்பர் 3

அவனே போன் பண்ணான்! "பாப்பா, அன்னிக்கி செஞ்சியே, அது எப்படிம்மா? ஜனங்க கேட்டுனே இருக்காங்க. வர பௌர்ணமிக்கு நம்ம கண்ணாடி பாட்டில்ல லைவா காட்டிடலாம்னு."

கண்ணாடி பாட்டில். கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப ரொப்பி, இறுக்கி மூடி வச்சிருப்பான். கொறையா குடுக்கக் கூடாது, நிறைகுடமாத்தான் குடுக்கணும்னு எல்லா வீடியோலயும் சொல்லுவான்.

ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னுதான் சொல்லியிருக்கணும். "ராத்திரி பூரா வையுங்கண்ணா. ஜாஸ்தி குளுர்ல வையுங்க. கதவ மட்டும் தொறக்காதீங்க"ன்னேன். குரல் தேன் மாதிரி வந்துச்சி எனக்கு. "தங்கம்மா நீ"ன்னான்.

யாருக்காச்சும் அடிபடுமா? ஃப்ரீசருக்குள்ளதான ஒடையும். படாது. படாதுல்ல?

நவம்பர் 5, பௌர்ணமி

லைவ்ல சாம்பிராணி காட்டி, மாலை போட்ட ஃப்ரீசர தொறந்தான். உள்ள ஒரு பாட்டில் உருப்படியா இல்ல. கண்ணாடி பொளந்து, ஐஸ் பிதுங்கினு நிக்குது. கதவ பட்டுனு மூடுனான். லைவ் கட். யாருக்கும் அடி இல்ல, ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்.

துள்ளிக் குதிச்சேன். அம்மா மட்டும் போனையே பாத்துனு, "ஏன்டி ஒடஞ்சிச்சி?"

சொன்னேன். முக்காவாசி பொருள் உறைஞ்சா சுருங்கும்மா. தண்ணி வீங்கும். உறையும்போதுதான் அது நெஜமாவே ஆறு மூலையா அடுக்கிக்கும், நடுவுல காலி எடம் விட்டு. அதுக்கு எடம் ஜாஸ்தி வேணும். இவன் எடமே வைக்கல. அறுகோணம் அறுகோணம்னான், தண்ணி குடுத்துடுச்சி.

"அப்ப நான் குடிச்சதுல?"

"அதுல எதுவும் நிக்காதும்மா. சும்மா தண்ணி."

போன கவுத்து வச்சிட்டு, "நீதான சொல்லிக்குடுத்த அவருக்கு?"

தலையாட்டுனேன்.

"ஒடையும்னு தெரிஞ்சே."

அதுக்கும் ஆட்டுனேன். எழுந்து போயிட்டா.

நவம்பர் 9

நாலு நாளா என்கூட பேச்சு இல்ல. இன்னிக்கி காலையில அவன் குடுத்த பாட்டில கழுவி, கேன்லேருந்து அதுல தண்ணி புடிச்சினு இருந்தா. மறுபடியுமா? "எதுக்கும்மா அது?"

"மாத்திர முழுங்க தண்ணி வேணாவா?"ன்னா, திரும்பிக்கூட பாக்காம.

பாட்டில முழுசா ரொப்பல. கழுத்துக்குக் கீழ நாலு விரல் கம்மியா புடிச்சிருந்தா.