அளவு நோட்டில் அப்பாவின் தாடை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். மூன்று மாதமாகப் போனில் சொன்ன அதே வார்த்தைதான், இன்றைக்குத்தான் பொய்யில்லாமல் சொல்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி. அப்பாவுக்குப் பல்வலி என்றோமே, அது பல்வலி இல்லை, இடது தாடையில் ஒரு கட்டி. தைக்கும்போது குண்டூசிகளை அந்தப் பக்க உதட்டில் கடித்துக்கொண்டுதானே துணி பிடிப்பார், அதில் ஒன்று உள்ளே போய்விட்டது என்று சாதித்தார். டப்பாவைக் கொட்டி எண்ணி, ஒன்று குறைகிறது என்று வேறு சொன்னார். முதலில் எத்தனை இருந்தது என்று கேட்டால் மறுபடி எண்ண ஆரம்பித்தார். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், பாவம், அது ஒரு தப்பும் செய்யாத பல். வீக்கம் அப்படியே இருந்தது.

எனக்குக் கை சும்மா இருக்காதே. ஞாயிறுதோறும் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, காதிலிருந்து முகவாய் வரை டேப் வைத்து அளந்து, நம் அளவு நோட்டில் ரவிக்கை அளவுகளுக்கு நடுவே குறித்து வைத்தேன். ஏழு வாரத்தில் முக்கால் இஞ்ச் கூடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நோட்டையே தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊசின்னா வளராதுங்க" என்றார். அன்றைக்கே கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முதல் லேப்புக்குப் புரியவில்லை, இன்னொரு லேப்புக்குப் போய் ரிப்போர்ட் வர மூன்று வாரம். எலும்பில் இல்லாமல் தசையில் வருகிற, அபூர்வமான புற்றுநோயாம். டாக்டரம்மாவே இதற்கு முன் இரண்டு பேரிடம்தான் பார்த்திருக்கிறார். நமக்கு மட்டும் வருகிற ஆர்டரே தனிதான் என்று அப்பா சிரித்தார், ஆனால் அன்று அவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. நான்தான் கோர்த்துக் கொடுத்தேன். பயந்து செத்தேன், அதை உன்னிடம் மறைத்தது என் தப்பு.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் ஓர் ஓரம் விட்டு வெட்டினார்களாம். தையலுக்குத் துணி விடுகிற மாதிரிதானே என்று அப்பா கேட்டார். முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது. ஓரமெல்லாம் சுத்தம், வேறெங்கும் பரவவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது, போனில் முகம் பார்க்கும்போது அழுதுவிடாதே. மனுஷர் திருந்தவில்லை, இப்போது ஊசிகளை வலது பக்கம் கடிக்கிறார்.

உனக்கு எங்காவது சின்னதாக வீங்கினாலும் நீயாகக் காரணம் கண்டுபிடிக்காமல் டாக்டரிடம் காட்டு. வேளைக்குச் சாப்பிடு. உன் நல்ல மனசுக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

தைத்துக் கொடுத்த அளவின்மேல் குறுக்குக்கோடு போடுவோமே, நேற்று அவர் அளவின்மேலும் போடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு, அவ வந்து போடட்டும்" என்றார். பென்சிலை நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா