என் விடைக்கு என் விடையே சாட்சி

ஜூன் 24
மூன்றாவது வாரம். கணக்கு ஆராய்ச்சிப் பக்கம் எட்டியே பார்த்திராத குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று நடத்தும் கோடை முகாம் இது. பன்னிரண்டு பேர், ஆறு ஜோடி. என் ஜோடிக்கு நான் வைத்த பேர் பென்சில். கொண்டையில் எப்போதும் ஒன்றைச் செருகிக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடுவாள். சூடேறும் உலோகத் தகட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு சூடு என்று கணினியில் கண்டுபிடிக்கிறோம். கடைசி வெள்ளிக்கிழமை மேடையில் பேச ஒரே ஒரு ஜோடி. அவர்களுக்கு அடுத்த கோடையிலும் இங்கே இடம். எனக்கு அது வேண்டும். அக்காவிடம் போனில் விளக்கினேன். "தொட்டுப் பார்த்தா தெரியாதாடி?" என்கிறாள். இவளோடு என்னத்தைப் பேச.

ஜூலை 10
வரைபடம் வந்துவிட்டது. கட்டத்தைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாகிறது, புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே. முகாமை நடத்தும் மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்தான் பேசுவீங்க போலிருக்கே." பென்சில் என் கையைக் கிள்ளினாள். வலித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 22
தலையில் இடி. சும்மா இருக்க முடியாமல், கையாலேயே விடை போட்டுவிடக்கூடிய சுலபமான தகடு ஒன்றை எங்கள் புரோகிராமில் ஓட்டினேன். விடை பொருந்தவில்லை. மறுபடி ஓட்டினேன். இல்லை. அப்புறம்தான் உறைத்தது. பிழை பார்ப்பதற்கு 'சரியான விடை' என்று நான் வைத்திருந்தது, எங்கள் புரோகிராமே மிகப் பொடிக் கட்டத்தில் கொடுத்த விடை! பரீட்சையும் நானே எழுதி, நானே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சோதனையை எழுதியது பென்சில் இல்லை. நான்.

ஜூலை 23
சொல்லவில்லை.

ஜூலை 24
இன்றும் சொல்லவில்லை. பென்சில் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பழகுகிறாள். சொன்னால்? இதுங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தா இப்படித்தான்னு நினைப்பாங்க. நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்னு விடவும் முடியலையே.

ஜூலை 25
மேடம் நடைவழியில் நிறுத்தி, பேசுவதற்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. "உன் ஜோடிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் பென்சிலிடமும் சொன்னேன். "பக்கத்து நாற்காலியிலதானே இருக்கேன்? மூணு நாளா என்னை ஆடவிட்டு வேடிக்கை பார்த்துட்டு, அவங்ககிட்ட போய் நல்ல பேர் வாங்கிட்டே." நல்ல பேரா? அடிப்பாவி. ஆனால் முதல் பாதி உண்மை. அதுதான் குடைகிறது.

ஜூலை 29
ஒரே மேசை, பேச்சு கிடையாது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தள்ளினாள்: 'ஓரக் கட்டங்களைப் பார்.' பார்த்தேன். ஓரத்துச் சூட்டை இரண்டு தடவை கூட்டியிருக்கிறோம். அது அவள் எழுதிய பகுதி. திருத்தியாகிவிட்டது, மற்றதையெல்லாம் திரும்ப ஓட்டிப் பார்க்க நாள்தான் இல்லை.

ஆகஸ்ட் 1
போக்குவரத்து நெரிசலைக் கணக்குப் போட்ட ஜோடி மேடையில் பேசியது. நன்றாகவே பேசினார்கள், பாவிகள். நாங்கள் சுவரோரம் ஒரு தாளை ஒட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றோம். பென்சில் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். இடம் போனதற்கு அழுகை வரவில்லை. இதற்கு வந்தது.

செப்டம்பர் 14
கல்லூரி திறந்தும் எதிலும் மனம் ஒட்டவில்லை. மத்தியானம் பென்சிலிடமிருந்து மின்னஞ்சல், ஆறு வாரத்துக்குப் பிறகு. நலமா கிலமா ஒன்றும் கிடையாது. ஒரு புரோகிராமை இணைத்திருந்தாள். "நாளைக்கு எங்க சார்கிட்ட காட்டணும். எல்லாம் சரியா வருது, அதான் பயமா இருக்கு. நீ ஒரு தடவை பாரு. தப்பு இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லு."

நாலாவது வரியிலேயே ஒன்று மாட்டியது. மீதியைப் படிக்காமல் போன் போட்டேன்.